சொல் வேண்டும்: அரசுகள் பேசாத காலத்தில் அறிஞர்கள் பேசுவதற்கு

மடல் 1 | வந்தாறுமூலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

சர்வதேச உறவுகள் பாடத்துக்கான தமிழ்க் குறிப்பு ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. பகையான இரண்டு அரசுகள், அல்லது ஒன்றையொன்று அங்கீகரிக்காத இரண்டு அரசுகள். அவற்றின் விஞ்ஞானிகளும் ஆய்வாளர்களும் அரசு அனுப்பாமல், தங்கள் பெயரில், ஒரே மேசையில் கூடுகிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

புழக்கத்தில் மூன்று சொற்கள் உண்டு. 'சயன்ஸ் டிப்ளோமசி' என்பதற்கு 'விஞ்ஞான இராஜதந்திரம்' என்கிறார்கள். அரசுக்கு வெளியே நடக்கும் பேச்சான 'ட்ரக் டூ' என்பதற்கு 'இரண்டாம் மார்க்க இராஜதந்திரம்'. பொதுவாக எல்லாவற்றுக்கும் 'அறிஞர் பரிமாற்றம்'. மூன்றாவதை மட்டும் நானே தள்ளிவிட்டேன். 1958 ஜனவரி 27இல் ஐக்கிய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்த லேசி–சருபின் உடன்படிக்கை உண்மையான பரிமாற்றம்: இங்கிருந்து இத்தனை பேர், அங்கிருந்து இத்தனை பேர் என்று அரசுகளே எண்ணிக்கை பேசி ஒத்துக்கொண்டது. நான் கேட்பது அதுவல்ல. மற்ற இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

மடல் 2 | ஒலுவிலிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

தம்பி, 'இரண்டாம் மார்க்கம்' என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். நம் பக்கத்து முஸ்லிம் மாணவர்களுக்கு மார்க்கம் என்றால் தீன், அதாவது சமயம். வகுப்பில் 'இரண்டாம் மார்க்கம்' என்று வாசித்தால் பாதிப் பேர் வேறெங்கோ போய்விடுவார்கள். 'இரண்டாம் தடம்' போதும். அது 1981இல் அமெரிக்க இராஜதந்திரி ஜோசப் மொன்ட்வில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்லின் நேர்ப் பெயர்ப்பு. உத்தியோகத்தர்கள் தனி ஆட்களாக வந்து கலந்து அமரும் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'ஒன்று புள்ளி ஐந்து' என்கிறார்கள். தமிழில் 'ஒன்றரைத் தடம்' என்றால் இன்னும் இயல்பாக இருக்கிறது.

ஆனால் தடம் என்ற கணக்கே இராஜதந்திரத்தை முதலாவதாக வைத்து எண்ணுவது. கேட்கப்படும் பொருள் அதற்கு முந்தியது. பக்வொஷ் விஞ்ஞானிகள் மாநாட்டைப் பாருங்கள். 1955 ஜூலை 9இல், அணுவாயுதப் போரின் ஆபத்தை எச்சரித்து விஞ்ஞானிகளைக் கூடச் சொன்ன ரஸ்ஸல்–ஐன்ஸ்டைன் அறிக்கை இலண்டனில் வெளியானது. ஒப்பமிட்டவர்கள் 11 பேர். அந்தக் கூட்டத்தை இந்தியாவில் நடத்த ஏற்பாடு நடந்தது. சூயஸ் நெருக்கடியால் அது பின்போனது. கடைசியில் 1957 ஜூலை 7 முதல் 10 வரை கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், பக்வொஷ் என்ற மீன்பிடிக் கிராமத்தில், தொழிலதிபர் சைரஸ் ஈற்றனின் வீட்டில் கூடினார்கள். 10 நாடுகள், 22 பேர். அமெரிக்காவிலிருந்து 7, சோவியத்திலிருந்து 3, ஜப்பானிலிருந்து 3, சீனாவிலிருந்து 1.

கூட்டம் நிலைத்து நின்றது ஏற்பாட்டின் நுணுக்கத்தில். அழைப்பு அமைச்சுக்குப் போகாது, ஆளின் பெயருக்குப் போகும். வருகிறவர் தன் அரசின் நிலைப்பாட்டை அறிந்தவராக இருக்கலாம், அதைக் காக்க வந்தவராக இருக்கக் கூடாது. சொன்ன கருத்தை வெளியே எடுத்துச் செல்லலாம், சொன்னவர் பெயரை எடுத்துச் செல்லக் கூடாது என்ற ஒழுங்கும் இத்தகைய சந்திப்புகளில் வழக்கம். 1927இல் இலண்டனின் 'சத்தம் ஹவுஸ்' என்ற ஆய்வு நிறுவனம் வகுத்த விதி அது. அதற்குப் 'பெயர் சுட்டா விதி' என்று வைக்கலாம்.

2010இல் பிரித்தானிய றோயல் சொசைட்டியும் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை 'சயன்ஸ் டிப்ளோமசி'யை மூன்றாகப் பிரிக்கிறது: வெளியுறவுக் கொள்கைக்கு விஞ்ஞான ஆலோசனை, விஞ்ஞானக் கூட்டுமுயற்சிக்கு இராஜதந்திர உதவி, நாடுகளின் உறவைச் சீராக்க விஞ்ஞான ஒத்துழைப்பு. முதல் இரண்டும் அரசின் வேலை. மூன்றாவதில் ஒரு பகுதிதான் நம் பொருள். ஆகவே முழுதுக்குமான பெயரைப் பகுதிக்கு வைத்தால் மாணவர் குழம்புவர்.

மடல் 3 | காரைதீவிலிருந்து

அன்பர்களே,

'இராஜதந்திரம்' என்ற சொல்லை அரசு அரசோடு பேசுவதற்கு வைத்துக்கொள்வோம். இலங்கையில் அது வேர்விட்டுவிட்டது. அறிஞர் சந்திப்புக்கு அது கூடாது என்பதற்கு என் காரணம் ஒலியில் இருக்கிறது. சிங்களத்தில் 'ராஜ்ய தாந்த்ரிக' என்பது அலுவலகச் சொல்லாகவே கேட்கும். தமிழில் தந்திரம் என்றால் ஊர்வழக்கில் சூழ்ச்சி. எதிரி நாட்டுக்குப் போகும் ஒரு பேராசிரியரைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை 'விஞ்ஞான இராஜதந்திரத்தில் ஈடுபட்டார்' என்று எழுதினால் அவர் மேல் விழக்கூடிய சந்தேகத்துக்கு நாமே சொல் கொடுத்தவர்களாவோம்.

'அறிவியல் தூது' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் தூதுக்கு விடுத்தவர் ஒருவர் வேண்டும். ஒளவையார் தொண்டைமானிடம் போனது அதியமான் அனுப்பி. புறநானூறு 95இன் அடிக்குறிப்பே அப்படித்தான் சொல்கிறது. அவர் பெரும்புலவர், ஆனாலும் அன்று தூதர். அரசு அனுப்பும் விஞ்ஞான ஆலோசகருக்குத் 'தூது' பொருந்தும்.

நாம் தேடும் ஆள் அதே நூலில் 47ஆம் பாட்டில் இருக்கிறார். சோழர் இருவர் பகைத்திருந்த காலம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் போன இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றனாக வந்தான் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான். கோவூர் கிழார் பாடி உயிரைக் காக்கிறார். அவர் சொல்லும் நியாயம்: புலவர் பறவை போல நெடுந்தூரம் பல கடந்து வள்ளல்களைத் தேடிப் போகிறவர்கள், பிறருக்குத் தீது நினையாதவர்கள். அனுப்பியவர் இல்லை, பகை அப்படியே இருக்கிறது, கடந்து வந்தவன் மேல் ஒற்றன் என்ற சந்தேகம். பனிப்போர்க் காலத்து விஞ்ஞானியின் நிலைமை இதற்கு வேறல்ல.

அந்தக் 'கடந்து' என்பதிலிருந்தே சொல்லை எடுக்கலாம். 'எல்லை கடந்த தொடர்பு' என்று எழுதுகிறார்கள். அது எல்லை இல்லாமற் போனது போல ஒலிக்கிறது. நம்மிடம் 'கடவை' இருக்கிறது. வேலியில் ஆள் மட்டும் போகவிடும் வழி அது. வேலி வேலியாகவே நிற்கும், மாடு நுழையாது, மனிதர் போய்வருவர். மட்டக்களப்பு வளவுகளில் 'கடப்பு', 'கடப்படி' என்று இன்றும் வழங்குகிறதே, அதே அடிச்சொல். கடவுச்சீட்டிலும் அதுதான். முன்னுக்கு 'அறிஞர்' வேண்டாம், 'புலமை' போடலாம். இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புலமைப்பரிசில் தெரியும். விஞ்ஞானமா அறிவியலா என்ற சண்டையும் வராது, மொழி, வரலாறு ஆய்வோரும் அடங்குவர்.

என் முன்மொழிவு: புலமைக் கடவை.

(1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள். வழக்கில் உள்ள சொல் இருக்கையில் புதிதாகக் கட்டாதிருப்பது இந்த ஊருக்குத் தகும்.)

மடல் 4 | மட்டக்களப்பு நகரிலிருந்து

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். உரைபெயர்ப்பில் இருந்து மூன்று விடயங்கள்.

ஒன்று. கடவை என்றதும் இன்று காதில் விழுவது பாதசாரிக் கடவை, அதைவிடப் புகையிரதக் கடவை. 'பாதுகாப்பற்ற கடவை' என்று விபத்துச் செய்தியில் வாசித்துப் பழகிய சொல். இது என் எதிர்ப்பல்ல, ஆனால் அகராதிக் குறிப்பில் வேலிக் கடவையின் பொருளை முதலில் எழுத வேண்டும்.

இரண்டு. கடவை ஓர் இடம். கேட்பதோ செயல். 'அவர்கள் புலமைக் கடவை செய்தார்கள்' என்று சொல்ல முடியாது, நாக்கு மறுக்கிறது. 'கடவைச் சந்திப்பு', 'கடவைத் தொடர்பு', 'கடவை நிறுவனம்' என்று பெயரடையாக வைத்தால் உரைபெயர்ப்புச் சாவடியில் வேகமாகப் பேசும்போதும் உடையவில்லை. மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'புலமைக் கடவை' தலைச்சொல்லாக இருக்கட்டும், வாக்கியத்தில் வருவன இவை.

மூன்று, எனக்கு மிக முக்கியமானது. 'இன் பேர்சனல் கப்பாசிட்டி' என்பதை எல்லோரும் 'தனிப்பட்ட ரீதியில்' என்று பெயர்க்கிறார்கள். செய்திகளில் 'தனிப்பட்ட விஜயம்' என்றால் சொந்த அலுவலுக்கான பயணம். அதனால் 'பேராசிரியர் தனிப்பட்ட ரீதியில் கலந்துகொண்டார்' என்று பெயர்த்ததும், அவர் ஓய்வுக்குப் போனவர் போலவோ எதையோ மறைத்தவர் போலவோ கேட்கிறது. மூலத்தின் பொருள்: பேசுவது அவர், பொறுப்பும் அவர், நிறுவனமோ அரசோ கட்டுப்படாது. 'தன்பொறுப்பில்' என்று நான் முன்வைக்கிறேன். 'தன்பொறுப்பில் பங்கேற்றார்.' வீசாக் கடிதத்திலும் நிற்கும்.

மடல் 5 | ஒலுவிலிலிருந்து

'தன்பொறுப்பில்' மிகச் சரி, அக்கா. இது இல்லாமல் தலைச்சொல்லே நிற்காது.

கடவையை நடந்த நிகழ்ச்சிகளோடு உரசிப் பார்த்தேன். எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது என்று எழுதுகிறேன்.

நன்றாகப் பொருந்துவது ஒஸ்ரியாவின் லக்சன்பேர்க்கில் உள்ள பிரயோக முறைமைப் பகுப்பாய்வுக்கான சர்வதேச நிறுவனம். 1972 ஒக்டோபர் 4இல் இலண்டனில் 12 நாட்டு அமைப்புகள் பட்டயத்தில் ஒப்பமிட்டன. ஒப்பமிட்டவை அரசுகள் அல்ல, விஞ்ஞான அக்கடமிகளும் அவை போன்ற அமைப்புகளும். அதனாலேயே ஒன்றையொன்று முழுமையாக அங்கீகரிக்காத இரண்டு ஜேர்மனிகளும், ஒன்று மக்ஸ் பிளாங்க் சங்கம் வழியாகவும் மற்றது தன் விஞ்ஞான அக்கடமி வழியாகவும் உள்ளே அமர்ந்தன. சபைத் தலைவர் சோவியத்தின் ஜேர்மன் க்விஷியானி, முதல் பணிப்பாளர் அமெரிக்காவின் ஹவாட் றைஃபா. 1982இல் அமெரிக்க அரசு பின்வாங்கத் தேசிய விஞ்ஞான அக்கடமி வெளியேறியது. உடனே அமெரிக்கக் கலை விஞ்ஞான அக்கடமி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அரசு உறுப்பினராக இருந்திருந்தால் அன்றோடு கதவு மூடியிருக்கும். கடவை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை: வேலிக்காரன் கோபித்தாலும் வேறொருவர் வந்து தடியை விலக்க முடிந்தது.

கடவை அடைபடும் விதங்களுக்கும் சொல் வேண்டும். கிழக்கு ஜேர்மனியின் கடவுச்சீட்டை நேட்டோ நாடுகள் ஏற்காததால், 1970 வரை அந்நாட்டு விஞ்ஞானிகள் மேற்கு பேர்ளினில் இருந்த நேச நாடுகளின் பயண அலுவலகத்தில் தற்காலிகப் பயண ஆவணம் எடுக்க வேண்டியிருந்தது. அதை எடுப்பதே தன் நாட்டை நாடாக ஏற்காததை ஒத்துக்கொள்வதாகும் என்பதால் அவர்களின் அரசு அதை வெறுத்தது. கூட்டம் கூடும், நாற்காலி வெறுமையாய் இருக்கும். இதைக் 'கடவை அடைப்பு' எனலாம்; அடைப்பது அரசு.

அறிஞர்களே அடைப்பது வேறு. 1919இல் அமைந்த சர்வதேச ஆய்வுச் சபை ஜேர்மானியரை வெளியே வைத்தது. 1914இல் ஜேர்மன் அறிஞர்கள் 93 பேர் தங்கள் படையை ஆதரித்து அறிக்கை விட்ட காயம் ஆறவில்லை. ஸ்ட்ராஸ்பேர்க் (1920), ரொறன்ரோ (1924) கணித மாநாடுகளுக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. தடை 1926இல் நீங்கியது. 1928இல் இத்தாலியின் பொலொன்யா மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது ஜேர்மனிக்குள் கணிதவியலாளர் பீபர்பாக் போகக் கூடாதென்றார், ஒல்லாந்துக் கணிதவியலாளர் பிரவுவரும் அவர் பக்கம். மூத்த ஜேர்மன் கணிதவியலாளர் ஹில்பேர்ட் அதைக் கேளாமல் குழுவை அழைத்துப் போனார். இதற்குப் 'புலமைப் பகிஷ்கரிப்பு' சரியாகும். அதையும் இதையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. பொறுப்பு யாருடையது என்பது மறைந்துவிடும்.

இடறுவது ஜோர்தானின் அல்லானில் 2017 மே 16இல் திறந்த செசமி, துகள்களை முடுக்கி ஒளிக்கற்றை எடுக்கும் ஆய்வு நிலையம். ஈரானும் இஸ்ரேலும், பாகிஸ்தானும் சைப்பிரஸும், பலஸ்தீனும் துருக்கியும் உறுப்பினர். ஆனால் உறுப்பினர் அரசுகள். வங்கித் தடைகளால் ஈரான் தன் பங்குப் பணத்தைச் செலுத்த முடியாமற் போனபோது அந்தச் சுமை நிலையத்தின் மேல் விழுந்தது. இது கடவை நிறுவனமா? என் கருத்து, இல்லை. உள்ளே கதிர்க்கற்றை அருகில் இரண்டு ஆய்வாளர் பேசுவது கடவைத் தொடர்பு. கட்டடம் அரசுகளின் உடன்படிக்கை.

இன்னொன்று. கடவை வழியாகக் கருத்துப் போகும், எண்ணிக்கை போகாது. 1962இல் இலண்டன் பக்வொஷ் கூட்டத்தில் சோவியத், அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து, நிலத்தடி அணுச் சோதனையைக் கண்டுபிடிக்க, ஆளில்லாத, முத்திரையிட்ட நிலநடுக்கப் பதிகருவிப் பெட்டிகளை இரு நாட்டிலும் வைக்கலாம் என்றனர். யோசனை குருஷ்சேவ்–கென்னடி கடிதங்கள் வரை ஏறியது. ஆனால் நேரில் ஆய்வு எத்தனை தடவை என்பதில் சோவியத் ஆண்டுக்கு 2 அல்லது 3 என்றது, அமெரிக்கா 8 முதல் 10 வரை கேட்டுப் பிறகு 7இல் நின்றது. 1963 ஓகஸ்ட் 5இல் ஒப்பமான உடன்படிக்கை வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி என்ற மூன்றிலும் அணுச் சோதனையைத் தடுத்தது; நிலத்தடியை விட்டுவிட்டது. 'கடவைச் சந்திப்பு உடன்படிக்கை செய்தது' என்று எந்தக் குறிப்பிலும் எழுத வேண்டாம்.

மடல் 6 | வந்தாறுமூலையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. குறிப்பில் போகப்போகும் பதிவு இது:

புலமைக் கடவை (பெயர்ச்சொல்): வேலியில் ஆள் போக விடும் வழி என்பதிலிருந்து. பகைமையோ கொள்கைப் பிளவோ நீங்காத அரசுகளின் அறிஞர்கள், அரசு அனுப்பாமல், தன்பொறுப்பில் தொடர்புகொள்ளும் ஏற்பாடு. வாக்கியத்தில்: கடவைச் சந்திப்பு, கடவைத் தொடர்பு, கடவை நிறுவனம். எதிர்: கடவை அடைப்பு (அரசால்), புலமைப் பகிஷ்கரிப்பு (அறிஞரால்). ஒப்பிடுக: இரண்டாம் தடம், ஒன்றரைத் தடம், அறிவியல் தூது.

செசமியைச் சேர்க்கவில்லை. 1980 ஜனவரியில், மனித உரிமைக்காகப் பேசிய சோவியத் பௌதிகவியலாளர் சகரோவ் உள்நாட்டிலேயே கோர்க்கி நகருக்கு அகற்றப்பட்ட பின் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அக்கடமி சோவியத்துடனான கருத்தரங்குகளை 6 மாதம் நிறுத்தியதைப் பகிஷ்கரிப்பின் கீழ் வைத்திருக்கிறேன்.

மடல் 7 | காரைதீவிலிருந்து

தம்பி, அந்தக் கடைசி உதாரணத்தை மாற்றுங்கள். 1919இல் விலக்கியது ஓர் இனத்து அறிஞர் எல்லோரையும், காலவரையறை இல்லாமல். 1980இல் செய்தது ஓர் அறிஞருக்காக, இத்தனை மாதம் என்று சொல்லி. இரண்டாவதற்கு 'இடைநிறுத்தம்' என்ற சொல் நம்மிடம் உண்டு. 'கடவை இடைநிறுத்தம்' என்று தனிப் பதிவாகப் போடுங்கள், மூன்றும் மூன்றாக நிற்கட்டும்.