அம்மாவுடன் முதன்முறையாகப் பாரிஸ் பயணம்: பாதுகாப்பு குறித்து ஆலோசனை தேவை

பெரம்பூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம், அறுபது வயதைக் கடந்த என் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் பாரிஸ் செல்கிறேன். எங்கள் இருவருக்கும் இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம்; பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. அங்கே பிக்பாக்கெட் அதிகம் என்று உறவினர்கள் சொன்னதிலிருந்து அம்மா கலங்கிப் போயிருக்கிறார். ஆனாலும் தாலிக்கொடியைக் கழற்றி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எப்படிச் செல்வது, பாஸ்போர்ட்டை எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அண்ணா நகர் வாசகர்:
சகோதரிக்கு வணக்கம். வேலை நிமித்தம் சில ஆண்டுகள் பாரிஸில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே பயப்பட வேண்டியது அடிதடிக்கு அல்ல, கவனத்தைத் திருப்பிக் கைவரிசை காட்டுபவர்களுக்கே. ஈஃபிள் கோபுரம், லூவர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இளம்பெண்கள் அட்டையில் ஒரு மனுவை வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் பேனாவைப் பிடித்திருக்கும் நேரத்தில் உடன் வந்தவரின் கை உங்கள் பைக்குள் இருக்கும். மோன்மார்த்ர் குன்றின் படிகளில் சிலர் உங்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பணம் கொடுக்கும்வரை விடமாட்டார்கள். நம் ஊர்க் கோயில் வாசலில் கயிறு கட்டிக்கொண்டு பழகிய அம்மா தன்னையறியாமல் கையை நீட்டிவிடக்கூடும் என்பதால், இதை இப்போதே சொல்லி வையுங்கள். பதில் பேசாமல், நிற்காமல் நடந்துவிடுவதே சரி. அதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

மெட்ரோவில் கதவோரம் நின்று செல்பேசி பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் அதைப் பறித்துக்கொண்டு இறங்கி ஓடிவிடுவார்கள்.

சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் கூட்டம் இருக்கும். பெட்டிகளோடும் அம்மாவோடும் அது வேண்டாம். வெளியே வரிசையில் நிற்கும் டாக்சிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு: 2024 நிலவரப்படி, நகரின் நடுவே ஓடும் சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ. உள்ளேயே வந்து "டாக்சி வேண்டுமா" என்று அழைப்பவர்களோடு போகவே கூடாது.

குரோம்பேட்டை இல்லத்தரசி:
தங்கைக்கு, தாலிக்கொடி குறித்து மட்டும் சொல்கிறேன். அம்மாவை வற்புறுத்தாதீர்கள், அது வெறும் நகை அல்ல. கனமான கொடியை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, திருமாங்கல்யத்தை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள்வதைப் போல, அங்கே ஒரு ஸ்கார்ஃபையும் சுற்றிக்கொள்ளலாம். மே மாதக் காலைக் குளிருக்கும் அது பொருத்தமாக இருக்கும். வளையல்களையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

பெரம்பூர் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. மஞ்சள் கயிறு என்றதும் அம்மா சம்மதித்துவிட்டார். ஒருவேளை பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

அண்ணா நகர் வாசகர்:
முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலைப் பெறுங்கள். அதை எடுத்துக்கொண்டு பாரிஸின் 16ஆவது வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குச் சென்றால், நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், விசா இரண்டின் நகல்களையும் அம்மாவின் பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என வைத்திருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

அம்மா உங்களைப் பிரிந்து தனியாக நிற்க நேர்ந்தால், விடுதியின் பெயரும் முகவரியும் பிரெஞ்சில் எழுதிய ஒரு சீட்டு அவர் ரவிக்கைப் பையில் இருக்கட்டும். லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். முதல் நாளே அம்மாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள்; தமிழில் நாலு வார்த்தை பேசினாலே அவருக்குப் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும். ஆனால் பக்கத்திலுள்ள கார் து நோர் ரயில் நிலையத்தில் நெரிசல் அதிகம்; அங்கே பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.