ரொறன்ரோவுக்கு அம்மா வருகிறா, எத்தனை மணித்தியாலம்? அவசரம்

புதுசா வந்தவள்: நான் கனடா வந்து 4 மாதம்தான். அம்மா வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறா. முதல் பயணம், அதுவும் தனியாக. ரிக்கெற்றில் கொழும்பு விமான நிலையத்தில், அதுதான் கட்டுநாயக்கவில், ஏறுவது 4.05, இறங்குவது அதே நாள் பின்னேரம் 4.15. 12 மணித்தியாலம் என்று அம்மாவிடம் சொல்லிப்போட்டேன். அண்ணா இல்லை என்கிறார். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நல்லூர்ப் பொடியன்: அக்கா, முதலில் ஜாக்கெற் வாங்குங்கோ. நான் ஜனவரியில் செருப்போடு வந்து இறங்கினவன். கூட்டிப்போக வந்தவர் 3 மணித்தியாலம் பிந்தி வந்தார்.

கோண்டாவில் அக்கா: தம்பி, இப்ப ஜூலை.

மானிப்பாய் மாமா: பிள்ளை, கட்டுநாயக்க ஏன்? யாழ்ப்பாணத்திலேயே பலாலி விமான நிலையத்தில் ஏறினால் சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம். அங்கிருந்து வேற விமானம் பிடிக்கலாம்.

கோண்டாவில் அக்கா: மாமா, ரிக்கெற் வேற வேறயாக எடுத்தால் சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பவும் போட வேண்டும், அதுக்கு இந்திய விசா வேண்டும். முதல் பிளேன் பிந்தினால் அடுத்ததுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை.

மானிப்பாய் மாமா: எங்களுக்கு உந்த வசதி ஒன்றும் இருக்கேல்லை. இப்ப ஊரிலிருந்து கோல் எடுத்தால் போன் என்ன விலை என்றுதான் கேட்கினம், சாப்பிட்டியா என்று ஒருத்தரும் இல்லை.

நல்லூர்ப் பொடியன்: அதைச் சொல்லுங்கோ! எனக்குப் போன மாதம் மட்டும் 3 கோல்.

கோண்டாவில் அக்கா: சரி, பிள்ளையின்ர கேள்விக்கு வாங்கோ. எங்கே மாறுகிறா? ஒரே ரிக்கெற்றா? 4.05 விடியவா, பின்னேரமா?

புதுசா வந்தவள்: டுபாய். ஒரே ரிக்கெற். விடிய 4.05.

கோண்டாவில் அக்கா: ரிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. அதையும் கூட்டினால் 21 மணி 40 நிமிடம். டுபாய் வரை நாலரை, அங்கே 3 மணித்தியாலம் அளவில் இருப்பு, பிறகு 14. கொழும்பிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர், டுபாயால் சுற்றி வர இன்னும் கொஞ்சம். வீல் செயார் இப்பவே கேளுங்கோ, நடக்கக்கூடியவர் என்றாலும் பரவாயில்லை, மாறுகிற இடத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். பஸ் எப்ப?

புதுசா வந்தவள்: வெள்ளி இரவு பஸ்.

கோண்டாவில் அக்கா: பிள்ளை!! வெள்ளி விடிய 4.05 என்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு உடனே செக்-இன். பஸ் வியாழன் மத்தியானம். கொழும்புக்கு 400 கிலோமீற்றர், 8 மணித்தியாலம் வையுங்கோ. புத்தளம் வழியால் போகிற பஸ் என்றால் கட்டுநாயக்கப் பக்கம் இறங்கலாம், கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை.

புதுசா வந்தவள்: ஐயோ. அம்மாவுக்கு எடுக்கிறேன்.

புதுசா வந்தவள்: வியாழன் 2 மணி பஸ்ஸுக்கு மாற்றியாச்சு. மொத்தம் 36 மணித்தியாலம் என்றேன். அதுக்கு ஒன்றும் சொல்லேல்லை. மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் கைப்பையிலா பெட்டியிலா என்று கேட்கிறா.

கோண்டாவில் அக்கா: பெட்டியில். மூடிக்கு மேலே பொலித்தீன் சுற்றி, இறுக்கி ரப்பர் பாண்ட் போடச் சொல்லுங்கோ. இங்கே இறங்கினதும் சாப்பாட்டுச் சாமான் இருக்குதா என்று கேட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது.