மாவிட்டபுரத்து மா

தங்கச்சி: பெரியப்பா, மகன் கேட்கிறான், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் என்றால் மாமரம் நிறைய இருந்த ஊரா என்று. என்ன சொல்ல?

சின்னம்மா: மாமரம் இல்லைப் பிள்ளை, குதிரை. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம். கீரிமலையில் தீர்த்தமாடி அது நீங்கிய பிறகு அவள் கட்டுவித்ததுதான் எங்கள் கந்தசுவாமி கோயில் என்பது ஐதீகம். மா முகம் விட்ட இடம், மாவிட்டபுரம்.

தம்பி: மா என்றால் மிருகம் என்றுதானே படித்தோம்? அரிமா என்றால் சிங்கம்.

பெரியப்பா: இரண்டும் சரி தம்பி. மா என்பது விலங்குக்குப் பொதுப்பெயர். முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் எந்த விலங்கு என்று தெரிந்துவிடும். அரிமா சிங்கம், கைம்மா யானை, பரிமா குதிரை. ஆனால் சங்கப் பாட்டில் தேரில் பூட்டிய மா என்று வந்தால் அது குதிரைதான், வேறு எதைப் பூட்டுவது? தெலுங்கிலும் குதிரைக்கு மாவு என்று ஒரு பழைய சொல் இருக்கிறது.

தங்கச்சி: பரி என்றாலே குதிரைதானே?

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். பரிதல் என்றால் ஓடுதல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கும் பொருட்களைச் சொல்லும்போது "நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்" என்று ஒரு அடி. இங்கே குதிரை என்பது புரவி. பரி அதன் ஓட்டம், நிமிர்ந்த ஓட்டம். அப்புறம் ஓட்டத்தின் பெயரே ஓடுகிற விலங்குக்கும் ஆகிவிட்டது. நரியைப் பரியாக்கினார் சிவபெருமான் என்று சொல்லும்போது பரி முழுக்கக் குதிரைதான்.

மச்சான்: நீரின் வந்த என்றால் கப்பலிலா மாமா?

பெரியப்பா: ஓம், கடல்வழியாக. நல்ல போர்க்குதிரை தமிழ்நாட்டில் பெருகவில்லை. எப்போதும் வெளியிலிருந்துதான் வாங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்து குதிரை இறக்குமதியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மாணிக்கவாசகரைப் பாண்டியன் திருப்பெருந்துறைப் பக்கம் அனுப்பியதும் குதிரை வாங்கத்தானே.
இன்னொன்று. அந்த அடிக்குக் கொஞ்சம் கீழே "ஈழத்து உணவும்" என்று வருகிறது. குதிரை இறங்கிய அதே துறையில் எங்கள் நாட்டுச் சாப்பாடும் இறங்கியிருக்கிறது! எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் நிறைந்துவிடும்.

சின்னம்மா: நிகண்டில், அதுதான் பழைய சொற்பொருள் நூலில், மூவேந்தர் குதிரைக்கும் தனித்தனிப் பெயர் இருக்கு. சேரனுக்குப் பாடலம், சோழனுக்குக் கோரம், பாண்டியனுக்குக் கனவட்டம். இவுளி என்றும் ஒரு சொல். பிராகூயி மொழியில் அதற்கு உறவான சொல் இன்னும் வழக்கில் இருக்கிறதாம்.

மச்சான்: பிராகூயி எங்கே பேசுகிறார்கள்?

சின்னம்மா: பாகிஸ்தான், பலூசிஸ்தான் பக்கம். அதுவும் திராவிட மொழிதான். எவ்வளவு தூரம் பாருங்கோ.

தம்பி: [படம்] போன மாதம் நெடுந்தீவில் எடுத்தது. கட்டையான கால், வயிறு கொஞ்சம் ஒட்டி, பிடரிமயிரில் முள் சிக்கியிருந்தது. கிட்டப் போனால் காதை மட்டும் திருப்பிப் பார்க்குது, ஓடவில்லை.

பெரியப்பா: பாவங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகின்றன. அந்தத் தீவில் அவற்றுக்குத் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்புவதை ஒரு கடமையாக யாராவது எடுத்துச் செய்ய வேணும்.

சின்னம்மா: தங்கச்சி, மகனுக்குக் கீரிமலைக் கதையையும் சேர்த்துச் சொல்லு. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் அங்கே நீராடித்தான் முகம் மாறினாராம். பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு முகக் கதை. 1990 இல் இடம்பெயர்ந்து போன எங்களுக்கு இந்தப் பெயர்கள்தானே கையில் இருந்தது.

தங்கச்சி: சொல்கிறேன் சின்னம்மா. பெரியப்பா, அந்தப் பட்டினப்பாலை அடிகளை உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்புங்கோ. அவனுக்குப் போட்டுக் காட்ட வேணும்.

பெரியப்பா: இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்புகிறேன். கருங்கறி மூடை வரும் அடியையும் சேர்த்துச் சொல்கிறேன். கருங்கறி என்றால் மிளகு, மிளகு என்றால் அவனுக்குத் தெரியும்.