குழாய் இல்லாத வீட்டில் கை கழுவக் கற்றுக்கொண்ட கதை

வடசென்னையில் வீடு வீடாகச் சென்று, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் கட்டுவதும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதுமாகப் பணிபுரிகிறேன். மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த தொற்றுத் தடுப்புப் பயிற்சி நல்ல பயிற்சிதான். ஆனால் முழங்கையால் திறக்கும் குழாயும், டிராலியும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என வரிசையாக நிற்கும் மருத்துவக் கழிவுத் தொட்டிகளும் உள்ள வார்டை மனத்தில் வைத்தே அது சொல்லித் தரப்பட்டது.

வியாசர்பாடியில் நான் முதலில் போன வீடு ஒற்றை அறை. பக்கவாதத்தில் விழுந்த பெரியவருக்கு இடுப்பில் படுக்கைப்புண். சிறுநீர்ப் பை தரையில் கிடந்தது. என் பையைக் கட்டிலின் மேலேயே வைத்தேன். புண் கட்டிய கையோடு குடத்தில் நானே சொம்பை விட்டு மொண்டு கழுவினேன். மருமகள் அன்போடு நீட்டிய துண்டில் துடைத்தேன். அது பெரியவருக்கு உடம்பு துடைக்கும் துண்டு என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அதே பையுடன் அடுத்த தெருவில் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து, எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்த ஓர் அம்மாவின் வீட்டுக்கும் போனேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் இன்றும் நினைத்தால் மனம் பதறுகிறது.

பின்னர் மூத்த அக்கா ஒருவர் என்னுடன் வந்த ஒரே நாளில்தான் இந்த வேலையைக் கற்றேன். அவர் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்தார். வேண்டியவற்றை முன்பே எடுத்துவிட்டு மூடினார். கிளவுஸ் போட்ட கையை அதன்பின் பைக்குள் விடவேயில்லை. மருமகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சோப்புப் போட்டு 40 நொடிக்குக் குறையாமல் கழுவி, தாம் கொண்டுவந்த காகிதத் துண்டில் துடைத்தார். சீழ் பட்ட கைக்கு சானிடைசர் போதாது என்பதையும், சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே, அதே சமயம் தரையில் படாமல் தொங்க வேண்டும் என்பதையும் அந்த மருமகளுக்கும் பொறுமையாக விளக்கினார்.

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி நம் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் கூடியவரை 2 மணி நேரத்துக்குள்ளும், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். வார்டில் இதைக் கவனிக்க ஆள் உண்டு. சந்துக்குள் தனியாக நிற்பவர் யாருக்குப் போன் செய்வது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியபின் வீடு தேடிச் செல்லும் பணி மிகவும் விரிந்திருக்கிறது. ஸ்லைடு போட்டு நடத்தும் வகுப்போடு, இத்தகைய வீடுகளில் மூத்தவருடன் சில நாட்களாவது நிற்க வைக்க வேண்டும்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருவரை அதே பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவரும் பையைக் கட்டிலின் மேல்தான் வைத்தார்.