மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்: தமிழில் என்ன பெயர்?

வேலூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கணியம்பாடி பக்கத்தில் நடக்கும் முகாமுக்காகத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், தலைப்பிலேயே நின்றுவிட்டேன். வயதுக்கு இயல்பான மறதிக்கும், அன்றாட வேலைகளையே பார்த்துக்கொள்ள முடியாமல் போகும் டிமென்ஷியாவுக்கும் நடுவில் உள்ள நிலை இது. சோதித்தால் குறை தெரியும், ஆனால் சமையல், சந்தை, காசு கணக்கு எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். 'தொடக்கநிலை மறதிநோய்' என்று எழுதி ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ எனக்கு முடிஞ்சிடுச்சின்னு சொல்றியா?" என்றார். சொல்லும் தவறுதான். இந்நிலையில் உள்ள எல்லோருக்கும் டிமென்ஷியா வருவதில்லை. பலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள்.

ஆரணியிலிருந்து:
குறளிலேயே சொல் இருக்கிறதே. 'நெடுநீர் மறவி மடிதுயில்' (605). மறவி என்றால் மறதி. 'மென்மறவி' என்று வையுங்கள். 'பொச்சாப்பு' உண்டு, அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அது மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறப்பது. 531இல் 'உவகை மகிழ்ச்சியிற் சோர்வு' என்று வள்ளுவரே பிரித்துக் காட்டிவிட்டார், இங்கே பொருந்தாது. 'லேசான' மட்டும் வேண்டாம். அது வடமொழி.

குடியாத்தத்திலிருந்து:
ஐயா, அதே குறளில் மறவி சோம்பலோடும் தூக்கத்தோடும் சேர்ந்து கெடுநீராருக்கு, அதாவது கெட்டுப்போகிறவர்களுக்கு, உரியதாக நிற்கிறது. பழி மறப்பவர்மேல் விழுகிறது. வீட்டில் ஏற்கெனவே "கவனமே இல்ல" என்று திட்டு வாங்குகிறவர்கள் இவர்கள்.

இன்னொன்று, இது மறதி மட்டுமே இல்லை. நினைவு, கவனம், கணக்கு எல்லாம் பார்க்கும் மோக்கா (MoCA) சோதனையில் 5 சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்பார்கள். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கவேண்டும். மொத்தம் 30 மதிப்பெண், அதில் 26க்குக் குறைந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். 12 ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவருக்கு 1 கூட்டித் தருவார்கள். ஆனால் பள்ளிக்கே போகாமல் பீடி சுற்றிய கையில் பென்சிலைக் கொடுத்தால் சோதிப்பது எதை? வேலூர்க் கிராமங்களும் இடம்பெற்ற, டிமென்ஷியா பற்றிய 10/66 என்ற ஆய்வில் வீட்டாரையும் விசாரித்தார்கள். அதுதான் நமக்கு ஒத்துவரும்.

என் முன்மொழிவு 'அறிதிறன் தளர்ச்சி'. எங்கள் ஊர்த் தறியில் பாவு (நீளவாட்டு நூல்) தளர்ந்தால் இழுத்துக் கட்டுவார்கள், பாவே போச்சு என்று யாரும் சொல்வதில்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம், சில தூக்க மாத்திரைகள் எல்லாம் நினைவைத் தளர்த்தும். இவற்றைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழி உண்டு. பெயர் பயமுறுத்தினால் அந்த ரத்தப் பரிசோதனைக்கே வரமாட்டார்கள்.

காட்பாடியிலிருந்து:
தளர்ச்சிக்கு என் ஓட்டு. 'தளர்வு' வேண்டாம், ஊரடங்குத் தளர்வு நினைவுக்கு வருகிறது. என் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே வயதாகி நினைவு குழம்பினால் 'அறளை பேர்ந்திட்டுது' என்பார்கள். அழகான சொல், ஆனால் முற்றிய நிலைக்கு உரியது, ஏளனமும் கலந்தது. ஜப்பானில் டிமென்ஷியாவுக்கு இருந்த 'சிஹோ' என்ற சொல்லில் மந்தபுத்தி என்ற பொருள் ஒட்டியிருந்தது. 2004இல் அதை விட்டு 'நின்சிஷோ' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றுவது வீண் வேலை என்று இங்கே யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஆரணியிலிருந்து:
தளர்ச்சியை ஏற்கிறேன். 'அறிதிறன்' அலுவலகத் தமிழ். அந்தப் பாட்டிக்கு அது என்ன புரியும்?

குடியாத்தத்திலிருந்து:
மறவி மட்டும் புரியுமா ஐயா?

வேலூரிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். தலைப்பில் 'நினைவுத் தளர்ச்சி' போடுகிறேன். வழி தடுமாறுவது, கணக்குப் பிசகுவது எல்லாம் இதில் சேரும் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். வாரம் இரண்டு முறையாவது உடற்பயிற்சி, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆறு மாதம் கழித்து மறுபடி வருவது, இவை தடித்த எழுத்தில் வரும். குடியாத்தம் அம்மாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்று தெரியும்.

குடியாத்தத்திலிருந்து:
இல்லைதான். நினைவு நன்றாக இருந்து கணக்கு மட்டும் பிசகுகிறவர் தலைப்பைப் பார்த்து 'நமக்கு இல்லை' என்று போய்விடுவார். முகாமில் அவரை யார் கூப்பிடுவது?