கேபிளைத் திரவ நைட்ரஜனில் குளிர வைத்தால் ஒலி மாறுமா?

சுருதிப்பெட்டி:
என் ஸ்பீக்கர் கேபிள் ஜோடியை க்ரையோ செய்து வாங்கி ஒரு வாரம் ஆகிறது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக இறக்கி, சில மணி நேரம் அப்படியே வைத்திருந்து, அதே நிதானத்தில் மேலே ஏற்றிக் கொடுக்கிறார்கள். மாட்டியதும் பல வருடமாகக் கேட்கிற அதே கச்சேரிப் பதிவைப் போட்டேன். பாடகர் குரலுக்குப் பின்னால் தம்புரா தனியாகத் தெரிகிறது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கும்கி விழும்போது சுருதி வளைந்து ஏறுவதை முன்பெல்லாம் ஊகித்துக்கொள்வேன், இப்போது காதாலேயே பிடிக்க முடிகிறது. மனப்பிரமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாமல், விஷயம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

செம்புக்கம்பி:
சார், உங்கள் காதை நான் சந்தேகப்படவில்லை. காரணம் க்ரையோ என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த முறை வெட்டுக்கருவி எஃகிலிருந்து வந்தது, அங்கே அது உண்மையாகவே வேலை செய்கிறது. எஃகைச் சூடாக்கித் திடீரென்று குளிர்விக்கும்போது, சூட்டில் உருவான ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பு கொஞ்சம் மாறாமல் மிச்சம் நிற்கும். கடுங்குளிரில் அதில் பெரும்பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறிவிடும், கருவி சீக்கிரம் தேயாது. செம்பில் அப்படி மாறுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. எவ்வளவு குளிர வைத்தாலும் அதன் படிக அமைப்பு அதேதான். இழுத்த கம்பியின் உள் இறுக்கம் தளரச் சூடு வேண்டும். குளிரில் அணுக்கள் இடம் மாற வழியே இல்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, 3 மீட்டர் நீளம். போக வர 6 மீட்டருக்குச் சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் இழப்பு 0.08 டெசிபலுக்கும் கீழே. க்ரையோவால் கம்பியின் தடை 1 சதவீதம் குறைந்ததென்றே வைத்துக்கொள்வோம், ஒலி மாறுவது 0.001 டெசிபல்கூட இல்லை. அறை 3 டிகிரி சூடானாலே செம்பின் தடை 1 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அந்த வித்தியாசத்தை நம்மில் யாரும் காதால் கண்டுபிடித்ததில்லை.

வால்வுக்காரன்:
தடையோடு கதை முடிந்துவிடுமா தம்பி? உலோகத்துக்குள் கோடிக்கணக்கான படிகத் துணுக்குகள். அவற்றின் எல்லையில் சிக்னல் இடறுகிறது என்று சொல்கிறார்கள். அதை ஓம் கணக்கில் பிடிக்க முடியாது.

இன்னொன்று. மேல் அதிர்வெண்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் ஒலி எழுப்பும் குவிந்த மூடியை டோம் என்கிறோம். பட்டு டோமும் பெரிலியம் உலோக டோமும் ஒரே மாதிரியா பேசுகின்றன? பொருள் மாறினால் ஒலி மாறுகிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். கம்பி என்றதும் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

செம்புக்கம்பி:
படிக எல்லைகள், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு மாதிரி நடந்துகொண்டால் சுத்தமான ஒற்றை அலையை அனுப்பும்போது அதன் மடங்கு அதிர்வெண்களில் கறை விழ வேண்டும் அண்ணே. மைனஸ் 120 டெசிபல் வரை பார்க்கக்கூடிய கருவிகள் இருக்கின்றன. நல்ல செம்புக் கம்பி அவற்றில் எதையும் சேர்ப்பதில்லை.

ட்வீட்டர் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அதைப் பேசத்தான் எனக்கு ஆசை. டோம் ஆடுகிற பொருள். பெரிலியத்தின் அடர்த்தி 1.85, அலுமினியத்துக்கு 2.7. எடை குறைவு, ஆனால் விறைப்பு நாலு மடங்கு. அதனால் டோம் ஒரே தட்டாக ஆடாமல் நெளிய ஆரம்பிக்கும் அதிர்வெண், காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பட்டு டோமில் பூசும் பிசுபிசுப்பான பூச்சு அந்த நெளிவை அமுக்கி வைக்கிறது. பூச்சு காய்ந்து வெடித்த டோமை அளந்தால் வரைபடத்தில் மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியும். ஆடும் பொருளுக்குச் செய்கிற எதுவும் காற்றுக்குப் போய்ச் சேரும். கேபிள் ஆடுவதில்லை, மின்சாரம் அதற்குள் போகிறது, அவ்வளவுதான்.

ஆடும் பொருளிலும் க்ரையோ என்றால் எனக்குத் தயக்கம்தான். 2003-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டிரம்பெட்டுகளை இப்படிக் குளிர வைத்துப் பரிசோதித்தார்கள். குளிர வைத்ததற்கும் வைக்காததற்கும் இருந்த வித்தியாசத்தைவிட, வாசிப்பவருக்கு வாசிப்பவர் இருந்த வித்தியாசம்தான் பெரிதாக வந்தது.

திருகாணி:
சுருதிப்பெட்டி சார், ஒன்று கேட்கட்டுமா? கேபிளை அனுப்புவதற்கு முன்னால் எத்தனை வருடம் கழற்றாமல் இருந்தது?

சுருதிப்பெட்டி:
ஆறு வருடம் இருக்கும். ஏன்?

திருகாணி:
அதுதான் என் சந்தேகம். போன மாதம் என் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைத் துடைக்கும்போது இடது பக்கத் திருகை விரலால் தொட்டேன். அரைச் சுற்று தளர்ந்திருந்தது. கம்பியை உருவினால் இழைகளின் நுனி கருப்பேறிக் கிடந்தது, அழுத்திய இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்குச் செம்பு நிறம். நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கி மாட்டினேன். இடது பக்கம் அமுங்கியிருந்த வீணை நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. நீங்களும் கழற்றித்தானே திரும்ப மாட்டினீர்கள்? க்ரையோவின் பெயரில் நடந்தது இந்தச் சுத்தமாகவும் இருக்கலாம்.

உட்காரும் இடமும் ஒரு காரணம். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் அலை கட்டி நிற்கும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் கீழ்ஸ்தாயி சில டெசிபல் மாறும். மேல் அதிர்வெண்களுக்குத் தலையை ஒரு சாண் சாய்த்தாலே போதும்.

வால்வுக்காரன்:
இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதிக்காமல் அதையும் முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

செம்புக்கம்பி:
சோதித்தே பார்க்கலாம். அதே ரகத்தில் க்ரையோ செய்யாத கேபிள் ஒன்று எடுத்து, இரண்டின் நுனியையும் ஒரே நாளில் சீவுங்கள். நாற்காலியை அசைக்காதீர்கள். இன்னொருவர் நாணயம் சுண்டி, எது மாட்டியிருக்கிறது என்று சொல்லாமல் மாற்றட்டும். அவர் முகம்கூட உங்களுக்குத் தெரியக் கூடாது. 16 சுற்று. குத்துமதிப்பாகச் சொல்லி 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. 12 வந்தால் என் வாதத்தை நான் திரும்பப் பெறுகிறேன்.

சுருதிப்பெட்டி:
நேற்று செய்தேன். என் மகன் மாற்றினான், நடுவில் திரை. முதல் நாலு சுற்றும் சரி. தெரிகிறதே என்று நெஞ்சு படபடத்தது. அப்புறம் ஐந்து தொடர்ந்து தப்பு. மொத்தம் 16-க்கு 9. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு: தம்புரா இரண்டு கேபிளிலும் தனியாகத் தெரிந்தது. கும்கியும் அப்படித்தான். திருகாணி சொன்னதுதான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆனால் ஆம்ப்ளிஃபையரின் வால்வு, அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய் விஷயத்தில் இன்னும் எனக்கு மனசு ஒப்பவில்லை. 12ஏஎக்ஸ்7 ரக வால்வு ஒரு ஜோடியைக் குளிர வைக்கலாமா என்று பார்க்கிறேன். அதற்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் கம்பிகள் ஆடத்தானே செய்கின்றன?

செம்புக்கம்பி:
ஆடும் சார், அங்கே கேள்வி நியாயமானது. பென்சிலால் கண்ணாடியை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் டிங் என்று கேட்குமே, அந்த அதிர்வைப் பதிவு செய்யலாம். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு வால்வையும் ஒரே சாக்கெட்டில், ஒரே வால்யூமில், ஒரே உயரத்திலிருந்து பென்சிலை விழவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் அனுப்புங்கள். வந்ததும் இரண்டையும் அதே மாதிரி மறுபடி பதிவு செய்து, நாலு பதிவையும் இங்கே போடுங்கள், நானே உட்கார்ந்து அளந்து சொல்கிறேன்.