பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது, ஹீட் முள் சிவப்பில். அவசரம்!

கோத்தகிரிக்காரன்:
அப்பாவின் கார் நாலு வருடமாக ஷெட்டில் நின்றது. நேற்று புது பேட்டரி போட்டதும் எடுத்துவிட்டது. பத்து நிமிஷம் நன்றாக ஓடி, இழுத்து இழுத்து நின்றது. ஹீட் முள் முழுச் சிவப்பு. அரை மணி விட்டால் மறுபடி எடுக்கிறது, மறுபடி நிற்கிறது. இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு போய்விட்டதா? ஞாயிறு தங்கை நிச்சயதார்த்தம், குன்னூர் போகணும்.

சோலைமந்தி:
என்ன வண்டி அண்ணா? பழைய பெட்ரோலை இறக்கினீர்களா?

பழைய இரும்பு:
பாயிண்ட்தான், பிளக்கில் பொறி வரவைக்கும் ஸ்விட்ச். நம்ம ஊர் மூடுபனியில் நாலு வருடம் நின்றால் பாயிண்ட் முனை சாம்பல் பூத்துவிடும். நைஸ் எமரியில் தேயுங்கள். அதோடு சேர்ந்த கண்டென்சரையும் மாற்றுங்கள், சூடானால் அது காலை வாரும்.

ரெஞ்சு சித்தர்:
வண்டி பெயரே எழுதாமல் அவசரம் என்றால் இங்கே ஜோசியமா பார்க்கிறோம்? ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடச் சொல்லவில்லை. முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள், அப்புறம் கார்புரேட்டர் வண்டி ஓட்டலாம்.

கோத்தகிரிக்காரன்:
மன்னிக்கணும் சார். பிரீமியர் பத்மினி கார், 1986. தண்ணீர் இருக்கிறது. பழைய பெட்ரோலுக்கு மேலேயே பத்து லிட்டர் புதுசு ஊற்றினேன்.

சோலைமந்தி:
ஐயோ, அதை ஏன் விட்டீர்கள்! புதுசும் 20 சதவீத எத்தனால். அந்தக் காலத்து பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரம் சவ்வு, ஓஸ் குழாய் எல்லாம் அதற்குச் செய்ததே இல்லை.

ரெஞ்சு சித்தர்:
எதற்கெடுத்தாலும் எத்தனால். என் வண்டி அதில்தான் ஓடுகிறது. மலையில் காற்று மெலிசு, பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கரி பிடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை, அந்த ஜெட்டைச் சின்னதாகப் போட்டால் போதும்.

சோலைமந்தி:
அவங்க அப்பா இத்தனை வருடம் இதே மலையில் இதே ஜெட்டில்தானே ஓட்டினார்? எத்தனால் ஈரத்தை இழுக்கும் சார், டேங்க் துருப்பிடிக்கும். உங்கள் வண்டி தினம் ஓடுகிறது, இது நின்ற வண்டி.

கைவிளக்கு:
ஜெட்டை விடுங்கள். தம்பி, நாளைக் காலை இஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போடுங்க. முள் எங்கே நிற்கிறது?

கோத்தகிரிக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன். போட்டதுமே சிவப்பு.

கைவிளக்கு:
அப்போ அது சூடே இல்லை. இஞ்சின் ஹெட்டில் சூட்டை அளந்து முள்ளுக்கு அனுப்பும் சென்டர் (sender) இருக்கும், அதிலிருந்து ஒயரைக் கழற்றுங்க. முள் இறங்கினால் சென்டர் போச்சு. இறங்காவிட்டால் ஒயர் எங்கேயோ தகரத்தில் பட்டு எர்த் ஆகிறது. ஷெட்டில் எலி உண்டா?

நிற்பது வேறு சமாச்சாரம். அடுத்த தடவை நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறங்க. உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் காற்றுத்துளை அடைப்பு. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வரணும். வராவிட்டால் பம்ப்பால் இழுக்க முடியாது. அரை மணி நின்றால் மெல்லக் கசிந்து உள்ளே போகும், அதனால்தான் மறுபடி எடுக்கிறது. டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்க. ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது, ஓட்டவே வேண்டாம்.

ரெஞ்சு சித்தர்:
காற்றுத்துளையைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

சோலைமந்தி:
ஜெட் என்றுதானே சொன்னீர்கள்?

ரெஞ்சு சித்தர்:
பத்மினி கழற்றி மாட்டிய அனுபவம் எனக்கு இருபது வருடம். உங்களுக்கு?

சோலைமந்தி:
என் வயதே இருபத்து நாலு சார். எத்தனால் ஈரம் இழுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கோத்தகிரிக்காரன்:
திங்கள்கிழமை ஆகிவிட்டது, மன்னிக்கவும். உஸ் வந்தது. மூடித் துளையில் துருவோடு குளவி மண். ஊசியால் குத்தி எடுத்தேன். ஒயர், எலிதான். பேட்டரி தட்டுக்குக் கீழே இரண்டு விரல் நீளத்துக்கு வெறும் செம்பு. டேப் சுற்றிவிட்டேன். ஆயிலில் வாசம் இல்லை. குன்னூர் போய் வந்தாச்சு. கைவிளக்கு அண்ணாவுக்கு நன்றி. பெட்ரோல் முள் மட்டும் அரை டேங்கிலேயே நிற்கிறது, அது அப்புறம்.

பழைய இரும்பு:
பாயிண்ட் பார்த்தீர்களா?